காற்றுப் பங்கு

உடைமரவிளைக்காரர்களுக்கு வாய் நீளம் என்று கடற்கரையில் சொல்வார்கள். சொல்லட்டும். கடல்மேல் சும்மா கிடக்கிற காற்றைக் கயிறு கட்டாத குறையாக இழுத்துக்கொண்டு வருகிற ஊருக்கு வாய் கொஞ்சம் நீண்டால்தான் என்ன?

என் பெயர் பட்டுக்கனி. தேரிக்காட்டுக் காற்றுக்களத்துக்கு நான்தான் மேஸ்திரி. தேரி என்றால் செக்கச்சிவந்த மணல்காடு. கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும், கத்தரி வெயிலில் வைத்தால் கொப்புளத்தோடுதான் வெளியே வரும். அந்த மணலுக்கு நட்டநடுவே எங்கள் ஊர். கிழக்கே, விடியற்காலையில் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிற தூரத்தில் புன்னைப்பட்டினம். அங்கே கடல் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, கரை நிறையப் பாய்மரப் படகுகள் இருக்கின்றன. டீசல் என்ற ஒன்று எங்கள் பக்கம் வராமல் போன பிறகு படகுகளெல்லாம் பாய்க்குத் திரும்பிவிட்டன. மாவட்டத்துக்கே ஒரு மின்படகு உண்டு. அது ஒரு தடவை போனால் நாலு படகை இழுத்து வரும், அதற்குமேல் அதற்கு மூச்சு கிடையாது.

பாய் வந்தது, காற்று வரவில்லை. அதுதான் கோளாறு. முன்பெல்லாம் மத்தியானம் ஆனால் கடல்காற்று தானாகவே வருமாம். கடல் சூடாக ஆரம்பித்த பிறகு வருசத்துக்கு வருசம் அது இளைத்து, கடைசியில் கோடைக்காலத்தில் நின்றே போய்விட்டது. இரவு கரைக்காற்றில் வெளியே போன படகுகள் மறுநாள் துடுப்புப் போட்டே திரும்பின. ஆட்களுக்குத் தோள் கழன்றது, மீன் வழியிலேயே நாறியது.

அப்போதுதான் என் சித்தி மகன் ஐகோர்ட்துரை ஊருக்குத் திரும்பி வந்தான். ஐகோர்ட் ராஜா சாமிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். பட்டணத்தில் காற்றைப் பற்றியே படித்துவிட்டு வந்தவன். "காத்தப் பத்திப் படிக்க என்னல இருக்கு? கண்ணுக்கே தெரியாது" என்று ஊரே கேலி செய்தது. அவன் நேரே மாதா கோயில் மைதானத்துக்குப் போய், படகுக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினான். கூட்டத்துக்கு முன்னால் கஸ்பார் தண்டல் உட்கார்ந்திருந்தார். தண்டல் என்றால் படகை நடத்துகிறவர், அந்தக் கரையில் தண்டல்களுக்கெல்லாம் மூத்தவர் அவர்தான். மீசையும் வீறாப்பும் ஒரே அளவு.

"அண்ணாச்சி, மத்தியானம் கடல்ல இருந்து காத்து ஏன் வந்துச்சு?" என்று கேட்டான் ஐகோர்ட்துரை.

"இது என்னல கேள்வி? மாதா அனுப்புனா, வந்துச்சு."

"சரி. மாதா எதுல ஏத்தி அனுப்புனா?"

கூட்டம் சிரித்தது. கஸ்பாருக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

"வெயில் அடிச்சா மணல் சுடும். மணல் அதுமேல இருக்க காத்தச் சுட வைக்கும். சூடான காத்து லேசாகி மேல எந்திரிச்சுப் போயிரும். போன எடம் சும்மா கெடக்குமா? பஸ்ஸுல ஒருத்தன் எந்திரிச்சா பக்கத்துல நிக்கவன் டக்குனு உக்காருதாம்லா, அந்த மாதிரி கடல்மேல இருக்க குளுந்த காத்து ஓடி வந்து அந்த எடத்தப் புடிச்சிக்கிடும். அதுதான் அண்ணாச்சி கடக்காத்து."

"அப்ப இப்ப ஏன் வரமாட்டேங்கு?"

"கடலும் சுட்டுப்போச்சுல்லா. ரெண்டு பக்கமும் ஒரே சூடு. எந்திரிக்கவனும் இல்ல, உக்காரவனும் இல்ல."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?"

"கடலை நம்மால குளுர வைக்க முடியாது. கரைய இன்னும் சுட வைக்கலாம். எங்க தேரி இருக்கு."

அப்படிப் பிறந்ததுதான் காற்றுக்களம். தேரி முழுக்க நீள நீளமான விரிப்புகள். ஒரு முகம் கருப்பு, மறு முகம் வெள்ளை. காலையில் கருப்பு முகம் மேலே. வெயிலைக் குடித்து அது அடுப்புக்கல்லாகும், மேலே காற்று எழும்பும், கடல்காற்று ஓடி வரும். பொழுது சாய்ந்ததும் வெள்ளை முகத்துக்குப் புரட்டுவோம். தேரி சீக்கிரம் குளிர்ந்து, இரவில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று போகும், படகுகளைக் கூட்டிக்கொண்டு. புரட்டுவதற்கு மோட்டார் உருளை உண்டுதான். ஆனால் மணல் புகுந்தால் மோட்டார் கோவித்துக்கொள்ளும், நாங்கள் இறங்கிக் கையால்தான் புரட்டவேண்டும். களத்தில் வேலை செய்வது முக்கால்வாசி பெண்கள். காற்றுக்களத்துக்காரி என்றால் எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவன் செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிவிட்டு வருவான், அவ்வளவு மரியாதை.

கூலி என்று நாங்கள் எதையும் கேட்கவில்லை. கடற்கரையில் பிடித்த மீனைப் பங்கு வைக்கிற வழக்கம் உண்டு. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அதோடு காற்றுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். மாதாவுக்கு எடுத்து வைத்ததும் அடுத்த கூடை காற்றுப் பங்கு. சாயங்காலம் அது தேரி ஏறி வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெத்திலிக்கும் சாளைக்கும் வித்தியாசம் தெரிந்ததே அதற்குப் பிறகுதான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பெருமை பேசுகிறவள் இதையும் பேசவேண்டும். காற்றை இழுக்கிறவர்களுக்குக் காற்று கிடையாது. சுற்றியுள்ள ஊருக்கெல்லாம் ஓடி வருகிற காற்று, களத்தின் நடுவுக்கு வந்ததும் அப்படியே மேலே ஏறிவிடும். நாங்கள் இருப்பது அந்த நடுவில். எங்கள் ஊரில் ஒரு முருங்கை இலைகூட அசையாது. அதனால் ஊரைச் சுற்றி மட்டும் எப்போதும் வெள்ளை முகம் மேலே இருக்கிற மாதிரி ஒரு வளையம் விட்டிருந்தோம். கூரைகளுக்கும் வெள்ளை பூசியிருந்தோம். அதனால்தான் வீட்டுக்குள் உயிரோடு இருக்க முடிந்தது. காற்று வந்துவிட்டது என்பதே எங்களுக்கு வயர்லெஸ்ஸில்தான் தெரியும். மத்தியானம் எந்தப் படகுக்கு முதலில் காற்று கிடைக்கிறதோ அந்தப் படகு கூப்பிட்டுச் சொல்லும்: "காத்து வந்துட்டு." இரண்டே வார்த்தை. அதைக் கேட்டபிறகுதான் நாங்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்போம்.

என் மகள் சுயம்புக்கனிக்கு அது போதவில்லை. "நீ இழுக்க காத்து எப்பிடி இருக்கும்னே உனக்குத் தெரியாது. நான் அதுல போகப்போறேன்" என்று சொல்லிவிட்டுக் கஸ்பார் தண்டல் படகிலேயே ஏறிவிட்டாள். தேரியிலிருந்து கடலுக்குப் போன முதல் பெண் அவள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். மறுநாள் களத்தில் எல்லாரிடமும், "எம்மவ பாய் புடிக்கா தெரியும்லா" என்று சொல்லிக்கொண்டும் திரிந்தேன். இரண்டுமே உண்மைதான்.

போன சித்திரையில்தான் சண்டை வந்தது. மீன்பாடு குறைந்துபோன நேரம். காற்றுப் பங்கு எடுக்கக் கரைக்குப் போன என்னிடம் கஸ்பார் தண்டல் கூடையைக் கால் வைத்து மறித்தார்.

"தங்கச்சி, பிள்ளைங்க முணுமுணுக்காங்க. காத்து ஆண்டவன் குடுக்கது. அதுக்கு என்ன பங்கு?"

"அப்ப விரிப்பப் புரட்டுதது யாரு அண்ணாச்சி? ஆண்டவனா?"

"எங்க தாத்தன் பூட்டன் காலத்துல எந்தத் தேரிக்காரி காத்து இழுத்தா? பாயக் கட்டுனாவ, போனாவ, வந்தாவ. கடல் எங்களுக்குப் புதுசா?"

"உங்க தாத்தன் காலத்துக் கடலு இல்ல இது. அது குளுந்த கடலு. இது வெந்நி."

"நீ எனக்குக் கடல் படிச்சுக் குடுக்கியா?"

சுற்றி நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள். என் மகளும் படகோரம் நின்றிருந்தாள், அவள் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. கொடுக்க மனமில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நாங்கள் செய்வது ஒன்றுமே இல்லை என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

"சரி அண்ணாச்சி. ஆண்டவன்கிட்டயே வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு தேரி ஏறினேன். மறுநாள் காலையில் களம் கருப்பாகவில்லை. பகலிலும் வெள்ளையாகவே கிடந்தது. ஊரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

இரண்டு நாள் படகுகள் கடலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் வயர்லெஸ்ஸைத் திறந்தால் கடல் முழுக்க ஒரே சளசளப்பு. ராத்திரியே எல்லாப் படகும் போய்விட்டன! தேரிக்காரி காற்று இல்லாமலே போய்வந்து காட்டுகிறேன் என்று கஸ்பார் தண்டல் சொல்லியிருக்கிறார், கரையே பின்னால் போயிருக்கிறது. நல்ல கரைக்காற்றாம், இந்த வருசத்திலேயே இவ்வளவு தூரம் வெளியே போனதில்லையாம்.

ஐகோர்ட்துரை தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அக்கா, அந்தக் காத்தும் நம்ம குடுத்ததுதான். ரெண்டு நாளா பகல்லயும் வெள்ள. தேரி சூடே ஏறல. ராத்திரி குளுந்துபோய்க் காத்து பிச்சிக்கிட்டுப் போயிருக்கு. போகக் காத்து குடுத்தாச்சு. வரதுக்கு இல்ல."

மத்தியானம் ஆயிற்று. கடல் கண்ணாடியாகக் கிடந்தது என்று வயர்லெஸ்ஸில் ஒருவன் சொன்னான். கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினார்கள், பிறகு சிரிப்பு நின்றது. பிறகு பேச்சு நின்றது. மின்படகு கிளம்பிவிட்டது என்றும், நாலு படகுதான் வரும் என்றும் கரையிலிருந்து தகவல் சொன்னார்கள். நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

அப்புறம் என் மகள் குரல் வந்தது.

"யம்மா, நான் சுயம்பு. உங்கிட்டக் காத்து கேட்டுப் பேசல."

"பின்ன எதுக்குட்டி பேசுத?"

"தகவல் சொல்லணும்லா. நீரோட்டம் எங்கள வெளிய இழுக்கு. துடுப்புப் போட்டுப் பாத்தாச்சு, நின்ன எடத்துலகூட நிக்கமுடியல. குடிதண்ணி முடியப்போது. கூட வந்த மிக்கேலுக்கு வலிப்பு மாதிரி வருது, தண்டலும் படுத்துட்டாரு. புழுக்கம்னா புழுக்கம், வேர்க்கது காயவே மாட்டேங்கு." குரலைத் தாழ்த்தினாள். "நீ சொன்ன சொல்ல எனக்காக மாத்தாத. அசிங்கம்."

இப்படி ஒரு பிள்ளையை எங்கே கண்டீர்கள்? நாக்கு வறண்டு சாகப் போகிற நேரத்திலும் ஆத்தாளின் வீறாப்பு கெட்டுவிடக் கூடாதாம். பயத்தோடு பயமாக ஒரு கர்வமும் ஏறியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"ஏட்டி, அசிங்கத்தப் பத்தி எனக்கு நீ சொல்லாத. பாயக் கட்டித் தயாரா இரி" என்று சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸை வைத்தேன். "துரை, களத்தக் கருப்பாக்கு."

அவன் அசையவில்லை. கையிலிருந்த, கடற்கரைக் காற்றை அளந்து சொல்கிற கருவியைக் காட்டினான்.

"அக்கா, களம் மட்டும் பத்தாது. அவங்க ரொம்ப வெளிய போயிட்டாங்க. நம்ம காத்து அவ்வளவு தூரம் எட்டாது. எட்டணும்னா நடுவுல ஒரே தூணா சூடு எந்திரிக்கணும். இப்ப நடுவுல நம்ம ஊரு வெள்ளையா குளுந்து கெடக்கு. தூணு ரெண்டா ஒடஞ்சிரும்."

"வெள்ள வளையத்தப் புரட்டு."

"வளையம் புரட்டலாம். கூர?"

எனக்குப் புரிந்தது. கூரையில் இருப்பது வெள்ளைப் பூச்சு. அதைப் புரட்ட முடியாது. அழிக்கத்தான் வேண்டும். அழித்தால் இந்தக் கோடை முழுக்க வீடு அடுப்புதான். மறுபடி பூசுவதற்கான பூச்சு எங்கிருந்தோ தருவித்து வருவதற்குள் மழைக்காலமே வந்துவிடும்.

கோயில் மணியை அடித்தேன். ஊர் கூடியது. சொன்னேன். பாதி சொல்லும்போதே பேச்சித்தாய் குறுக்கே வந்தாள். அவள் மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"பட்டு, எம்மவ பச்சப் புள்ளக்காரி. கூரையக் கருப்பாக்குனா அந்தப் புள்ளைய எங்க போட? ஒம்மவ ஒருத்திக்காக ஊரு வேகணுமா?"

நியாயமான கேள்வி. நீண்ட வாய்தான், அன்றைக்கு உள்ளே சுருண்டுகொண்டது.

"எம்மவளுக்காகக் கேக்கல பேச்சி" என்றேன் கடைசியில். "பொய் சொல்லமாட்டேன், அவளுக்காகவும்தான் கேக்கேன். ஆனா ஒண்ணு யோசி. இன்னைக்கு அந்தப் படகு ஒண்ணுகூடத் திரும்பலன்னா நாள பின்ன என்ன சொல்லுவாவ? தேரிக்காரி காத்த நிறுத்திக் கொன்னுட்டான்னு சொல்லுவாவ. நம்ம காத்து இழுக்கவங்க. காத்த வச்சு ஆளக் கொல்லுதவங்க இல்ல."

பேச்சித்தாய் என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வீட்டுப் பின்பக்கம் போனாள். கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்புக்குப் பக்கத்தில் பனங்கரி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒரு மூட்டையைத் தூக்கி வந்து தெருவில் போட்டாள்.

"புள்ளைய எம்மவளோட சுனைக்கு அனுப்புதேன். எல்லார் புள்ளையும் போகட்டும், கெழடுகளும் போகட்டும். தண்ணியும் கஞ்சியும் கொண்டாங்க, கரியக் கரைக்கணும். ஏ, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? கடல்ல ஆளு சாகுது!"

தேரியோரம் ஒரு சுனை உண்டு, மரநிழலும் உண்டு. பிள்ளைகளும் வயதானவர்களும் அங்கே போனார்கள். மற்றவர்கள் கூரை ஏறினோம். கரியைக் கஞ்சியில் குழைத்து, தென்னமட்டையாலும் பழந்துணியாலும் கடைசியில் கையாலும் பூசினோம். நான் வெள்ளை அடித்த என் வீட்டுக் கூரையை நானே கருப்பாக்கினேன். அங்கே களத்தில் உருளைகள் ஓடின, மணல் புகுந்து நின்ற இடங்களில் பெண்கள் இறங்கிப் புரட்டினார்கள். கண் எட்டிய வரை தேரி கருத்தது. ஊர் கருத்தது. நாங்களும் கருத்தோம், பல் மட்டும்தான் தெரிந்தது. அந்த நிலையிலும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

பிறகு சூடு ஏறியது. அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மேலே இருந்து வெயில், கீழே இருந்து மணல், நடுவில் மூச்சு. செருப்பு அடியில் இளகியது. பேச்சித்தாயின் புருசன் சுடலை கூரையிலிருந்து இறங்கும்போதே சரிந்து விழுந்தார். சுனைக்குத் தூக்கிப் போய்த் தண்ணீரில் போட்டார்கள், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிரோடு திரும்பிவிட்டார். ஆனால் அதன் பிறகு அவரால் வெயிலில் நிற்க முடியவில்லை, களத்தில் இறங்கவே இல்லை. அந்தக் கணக்கு எங்கள் தலையில்தான் இருக்கிறது, யாரும் மறக்கவில்லை.

"அக்கா, மேல பாரு!" என்று கத்தினான் ஐகோர்ட்துரை.

எங்கள் தலைக்கு நேர் மேலே செம்மண் தூசி சுழன்று சுழன்று எழும்பியது. ஒரே தூண். அதன் உச்சியில், எவ்வளவோ உயரத்தில், வெறும் வானத்தில் ஒரு வெள்ளை மேகம் கட்டிக்கொண்டிருந்தது. சூட்டைத் தூக்கிக்கொண்டு காற்று மேலே போகிறது. அப்படியென்றால் கீழே எங்கோ இன்னொரு காற்று ஓடி வந்தாக வேண்டும். எங்களைச் சுற்றி ஒரு இலை அசையவில்லை. வயர்லெஸ்ஸைச் சுற்றி உட்கார்ந்தோம். கரிக்கையோடு பேச்சித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகு நேரம் இரைச்சல்தான் வந்தது. பிறகு என் மகள் பேசினாள்.

"யம்மா, தேரிக்கு மேல செவப்பா ஒரு தூணு நிக்கு. இங்க இருந்தே தெரியுது." பிறகு பாய் படபடக்கிற சத்தம். பிறகு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில், "காத்து வந்துட்டு."

ஊரே எழுந்து கூவியது. நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, ஓவென்று அழுதேன். கன்னத்தில் கரி கோடு கோடாக ஓடியது.

பொழுது சாயும்போது எல்லாப் படகும் கரை சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மிக்கேலையும் கஸ்பார் தண்டலையும் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்களாம். அன்றைக்குக் கரையிலிருந்து யாரும் தேரி ஏறவில்லை. ஒரு நன்றி இல்லை, ஒரு தகவல் இல்லை. இரவு வீட்டுக்குள் நுழைய முடியாமல் வெளியே மணலில் படுத்தோம். பேச்சித்தாயின் பேரப்பிள்ளை உடம்பெல்லாம் வேர்க்குருவோடு அழுதுகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் ஐகோர்ட்துரை கேட்டான்: "கருப்பா, வெள்ளையா?"

"கருப்பு" என்றேன். "பங்கும் வேண்டாம் ஒரு எழவும் வேண்டாம். காத்து போகட்டும். வாங்கிக்கிட்டு வெக்கப்படட்டும்."

மத்தியானம் ஆயிற்று. கருவியைப் பார்த்தால் கடற்கரையில் அருமையான காற்று. ஆனால் வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை. யாரும் "காத்து வந்துட்டு" என்று சொல்லவில்லை. அவ்வளவு காற்று வீசியும் ஒரு படகுகூடக் கடலில் இல்லை. என்ன திமிர் பாருங்கள், எங்கள் காற்றைத் தொடமாட்டார்களாம் என்று நான் பல்லைக் கடித்தேன்.

அப்போது தேரி மேட்டில் ஆட்கள் தெரிந்தார்கள். முதலில் சவ ஊர்வலமோ என்று நினைத்தேன். ஆளுக்கு ஆள் தோளில் நீளமாக எதையோ சுமந்துகொண்டு வரிசையாக மணலில் புதைந்து புதைந்து வந்தார்கள். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. பாய். படகுப் பாய்கள். கரையிலிருந்த எல்லாப் பாயையும் மரத்திலிருந்து அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னால் என் மகள், உதடு வெடித்து, முகம் உரிந்து. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கஸ்பார் தண்டல். மருந்து ஏற்றிய கட்டைக்கூடக் கையிலிருந்து அவிழ்க்கவில்லை.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

அவர் எங்கள் கூரைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில சுடலை சொன்னதச் சுயம்பு வந்து சொன்னா. கூரையக் கருப்பாக்கிட்டீங்கன்னு. நான் நம்பல. பாக்கணும்னு வந்தேன்" என்றார். அது பொய். பார்க்க வந்தவர் கரைப் பாயையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு வருவாரா?

"பாய் இல்லாம எப்பிடிக் கடலுக்குப் போவீங்க?"

"போகல. நீங்க கூரைக்கு வெள்ள பூசி முடிக்க வரைக்கும் இந்தப் பாயி உங்க கூரைக்கு நெழலாக் கெடக்கட்டும்."

"மழைக்காலம் ஆவும் அண்ணாச்சி."

"ஆவட்டும்." மீசையைக் கீழே நீவிவிட்டார். "தங்கச்சி, நான் சொன்னது தப்பு. கடல் எனக்குப் புதுசுதான்."

இந்த மனிதர் வாயில் இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அந்தக் கரையில் யாரும் கனவுகூடக் கண்டிருக்கமாட்டார்கள். குத்தலாக ஏதாவது சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "மோர் குடிங்க முதல்ல" என்றேன்.

குடித்துவிட்டுக் கூரை ஏறினார்கள். பேச்சித்தாய் வீட்டுக்குத்தான் முதல் பாய், அதை நான் சொல்லாமலே செய்தார்கள். கடற்காரர்களுக்குக் கூரை வேய என்ன தெரியும்? படகில் கட்டுகிற மாதிரியே கட்டினார்கள். கூரையில் கம்பு நட்டு, கீழ்முனையைத் தாழ்த்தி, மேல்முனையை உயர்த்தி, கூரைக்கும் பாய்க்கும் நடுவே முழங்கை நுழைகிற இடைவெளி விட்டு. "இது நெழலா, படகா?" என்று நான் கேலி செய்தேன். பொழுது சாய்வதற்குள் எங்கள் தெரு முழுக்கப் பாய் ஏறிவிட்டது. மணல்காட்டின் நடுவே ஊரே கடலுக்குக் கிளம்புகிற மாதிரி நின்றது.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்குள் உட்கார்ந்து அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். முந்தானை ஏனோ நிற்காமல் நழுவியது. இழுத்துச் செருகினேன். மறுபடி எழும்பியது. சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்குத் திரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாசலில் தொங்கிய துணி உள்பக்கமாக உப்பியது. எல்லாரும் கையை இலையில் வைத்தபடி அப்படியே இருந்தோம்.

ஐகோர்ட்துரை எழுந்து வெளியே ஓடி, கூரையைப் பார்த்துவிட்டு வந்தான். சிரிக்கத் தெரியாதவன் சிரித்தான்.

"அக்கா, பாயி மெலிசுல்லா. வெயில் கசிஞ்சு உள்ள போகுது. கரிக்கூர அதக் குடிச்சு, நடுவுல இருக்க காத்த சூடாக்குது. சூடான காத்து ஒசந்த பக்கமா வெளியேறுது. போறப்ப புகைபோக்கி வழியா வீட்டுக்குள்ள இருக்கதையும் உறிஞ்சிக்கிட்டுப் போகுது. வாசல் வழியாப் புதுக்காத்து வருது. வீட்டுக்கு வீடு ஒரு களம்! இத்தன வருசம் எனக்கே தோணாமப் போச்சே!"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கைகழுவாமல் வாசலுக்குப் போய் நின்றேன். எதிர்வீட்டுத் தொட்டிலில் பேச்சித்தாயின் பேரப்பிள்ளை அழாமல் தூங்கியது, தொட்டில் துணி லேசாக ஆடியது. என் முகத்தில், கழுத்தில், வேர்வை இருந்த இடமெல்லாம் குளிர்ந்தது. இத்தனை காலம் நான் இழுத்து இழுத்து எல்லாருக்கும் அனுப்பிய சாமான் இப்படித்தான் இருக்குமா!

வயர்லெஸ்ஸை எடுத்தேன். கடலில் படகு எதுவும் இல்லை, கேட்க ஆள் யாரும் இல்லை என்பது தெரியும். கரையில் மாதா கோயில் அலுவலகத்தில் ஒருவன் இருப்பான், அவனாவது கேட்கட்டும். பொத்தானை அழுத்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"உடைமரவிளையில இருந்து பட்டுக்கனி பேசுதேன். காத்து வந்துட்டு."